கருப்பை வாய்ச் செல்களைத் தனித்தனியே ஆராய நுண்குழிச் சில்லு செய்யும் முறை

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்று ஆய்வகங்களில் வழங்கும், நுண்ணிய கால்வாய்களில் திரவம் ஓடும் நுண்பாய்மச் சில்லை வடிவமைக்க உட்காரும் மாணவர்களில் பலர், முதலில் கணினியில் கால்வாய்களை வரைந்து முடித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் மாதிரியைப் பிறகு தேடுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் இந்த வரிசை உதவாது. அங்கிருந்து எடுக்கப்படும் செல்கள் தட்டையானவை. சளியோடு ஒட்டிக்கொண்டு வருபவை. அவற்றுள் நாம் தேடும் பிறழ்ந்த செல்களோ மிகச் சில. ஆகவே செல்களைப் பிடித்துவைக்கும் குழியின் அகலம், குழிகளின் எண்ணிக்கை, நீரோட்டத்தின் வேகம் ஆகிய ஒவ்வொன்றையும் மாதிரியின் இயல்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ ஓர் ஒளிர்வு நுண்ணோக்கியும் சாதாரண வேதியியல் ஆய்வக வசதியும் உள்ள ஒரு குழு, அருகிலுள்ள மருத்துவமனையின் மகப்பேறு, நோய்க்குறியியல் துறைகளோடு சேர்ந்து இத்தகைய சில்லைச் செய்து சோதிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இது எந்தக் கட்டத்துக்கு உரியது

உலக அளவிலான 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சுமார் 80,000 பேர் அதனால் இறக்கிறார்கள். இந்நோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. காசநோய்ச் சோதனைக்காக நம் ஊர் மருத்துவமனைகளில் பலரும் பார்த்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில், 14 அபாய வகை எச்.பி.வி.யை ஒரு மணி நேர அளவில் கண்டறியும் கார்ட்ரிட்ஜும் உண்டு. அதுவும் ஒரு நுண்பாய்மக் கருவிதான். ஆனால் அது மாதிரியிலுள்ள எல்லாச் செல்களையும் ஒன்றாக உடைத்து, மொத்த டி.என்.ஏ.வைப் படிக்கிறது. வைரஸ் இருக்கிறதா என்று அது சொல்லும். எந்தச் செல்லில் இருக்கிறது, அந்தச் செல் மாறிவிட்டதா என்று சொல்லாது.

எச்.பி.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். ஆகவே பாசிட்டிவ் என்று வந்த பெண்கள் அனைவரையும் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு அனுப்பினால், தேவையில்லாத அச்சமும் அலைச்சலும் மிகும்; பாகூரிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வரும் பெண்ணுக்கு இது சிறிய இழப்பு அன்று. தனிச்செல் ஆய்வுக்கு இடம் இருப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். இதை முதல்கட்டப் பரிசோதனையாக ஆக்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே மலிவும் வேகமும் வேண்டும். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறையோடும் எச்.பி.வி. சோதனையோடும் நுண்குழிச் சில்லு அந்த இரண்டிலும் போட்டியிட முடியாது.

தனிச்செல் பார்வை உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கேள்வியை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: பி16, கே.ஐ-67 என்னும் இரண்டு புரதங்களும் ஒரே செல்லில் சேர்ந்து காணப்படுகின்றனவா? வைரஸின் இ7 புரதம், செல் பிரிதலுக்குத் தடையாக நிற்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்யும்போது பி16 அளவு உயர்கிறது. இயல்பான செல்லில் பி16 உயர்ந்தால் பிரிதல் நின்றுவிடும். பிரியும் செல்லில் இருக்கும் கே.ஐ-67 அங்கே இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் பிரிதலின் கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு செல்களில் ஒன்றில் பி16, மற்றொன்றில் கே.ஐ-67 இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. கண்ணாடி வில்லையில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கையில் இந்த வேறுபாடு மங்கிப்போகும். குழிக்கு ஒரு செல் என்று பிரித்து வைத்தால் தெளிவாகும்.

மாதிரியைப் பெறுவதும் பக்குவப்படுத்துவதும்

மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ ஸ்பெகுலம் வைத்துப் பிரஷ்ஷால் எடுத்த மாதிரியே வேண்டும். பெண்கள் தாங்களே எடுத்துத் தரும் மாதிரி எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனைக்கு நன்றாகப் பயன்படும். ஆனால் அதில் பெரும்பகுதி யோனிச் சுவரின் செல்களாக இருப்பதால், செல்லின் உருவத்தைப் பார்க்கும் எந்த ஆய்வுக்கும் அது ஏற்றதன்று.

பிரஷ்ஷை மெத்தனால் கலந்த பாதுகாப்புத் திரவத்தில் அலச வேண்டும். ஃபார்மலின் கலந்த திரவங்கள் புரதங்களைப் பிணைத்துவிடுவதால், குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியால் சாயமேற்றுவதிலும், பின்னால் ஆர்.என்.ஏ. எடுக்க நேர்ந்தால் அதிலும் சிக்கல் வரும். மெத்தனால் திரவத்தில் இட்ட செல்களைச் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் ஆறு வாரம் வைத்திருக்கலாம் என்பது பொதுவான விதி. ஆயினும் அந்த அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கடலூர் மாவட்டக் கிராம முகாமிலிருந்து மே மாத வெயிலில் வேனின் பின்பக்கத்தில் வரும் குப்பி அந்த வரம்பைத் தாண்டிவிடும். தடுப்பூசி எடுத்துச் செல்லும் பெட்டியில் ஐஸ் பேக்குடன் வைத்து, குப்பி ஐஸை நேரடியாகத் தொடாதபடி நடுவே துணி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை சளியைக் கரைப்பது. 5 முதல் 10 மில்லிமோலார் டைதயோத்ரெய்ட்டால் கரைசலில் 15 நிமிடம் மெதுவாக ஆட்டினால் சளிப் புரதங்களின் கந்தகப் பிணைப்புகள் அறுபட்டு மாதிரி நீர்த்துவிடும். அதே வேதிப்பொருள் ஆன்டிபாடியின் பிணைப்புகளையும் அறுக்கும் என்பதால், பின்னர் பி.பி.எஸ். என்னும் உப்புத் தாங்கல் கரைசலில் இருமுறை சென்ட்ரிஃபியூஜ் செய்து அதை முழுவதும் நீக்கிவிட வேண்டும். அடுத்து 100 மைக்ரோமீட்டர் கண்ணளவுள்ள நைலான் வலையில் வடிகட்டவும். இந்தப் படியில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை: உயர்தரப் பிறழ்வுச் செல்கள் (புற்றுநோயாக மாறும் அபாயம் மிகுந்தவை) சில சமயம் தனித்தனியாக வராமல் நெருங்கிய கொத்துகளாகவே வரும், வலையில் தங்கும் கசடில் அவை இருக்கக்கூடும். எனவே வலையில் தங்கியதைக் கொட்டிவிடாமல் ஒரு வில்லையில் பரப்பி, வழக்கமான பாப் சாயமேற்றி, செல்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயறியும் சைட்டாலஜிஸ்ட் பார்க்கத் தர வேண்டும். சில்லு நெகட்டிவ், கசடு பாசிட்டிவ் என்று வரும் மாதிரி உங்கள் முறையின் குறையை மிகத் தெளிவாகக் காட்டும்.

இறுதியாகச் செல்களை 1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தத்தின் ஆல்புமின் புரதம்) கலந்த பி.பி.எஸ்.ஸில் விட்டு, ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணிக் கொள்ளவும். எண்ணாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனி வரும் கணக்கு முழுவதும் இந்த எண்ணைச் சார்ந்தது.

எத்தனை செல்கள், எவ்வளவு பெரிய குழி

திரவ அடிப்படையிலான பாப் சோதனையில் ஒரு மாதிரி போதுமானது என்று ஏற்க, நன்கு தெரியும் செதிள் செல்கள் குறைந்தது 5,000 இருக்க வேண்டும் என்பது பாப் சோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெத்தெஸ்டா முறையின் அளவுகோல். பிறழ்ந்த செல்கள் ஆயிரத்தில் ஒன்று என்று இருந்தால், 5,000 செல்களில் சராசரியாக ஐந்து இருக்கும். ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பத்தாயிரத்தில் ஒன்று என்று இருந்தால், அதே 5,000 செல்களில் ஒன்றும் அகப்படாத வாய்ப்பு சுமார் 61 சதவீதம். 95 சதவீத உறுதி வேண்டுமானால் 30,000 செல்களைப் பார்க்க வேண்டும். எதிர்பார்க்கும் விகிதத்தின் தலைகீழ் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். அதுவே பார்க்க வேண்டிய செல்களின் எண்ணிக்கை. நூறு செல்களை மட்டும் பிடிக்கும் அழகான சில்லுகள் இப்பணிக்கு உதவாதது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி அளவு. முதிர்ந்த மேலடுக்குச் செதிள் செல்கள் 40 முதல் 60 மைக்ரோமீட்டர் அகலமும் சில மைக்ரோமீட்டர் தடிப்பும் உள்ளவை. உயர்தரப் பிறழ்வுச் செல்கள் முதிர்ச்சியடையாதவை. கீழடுக்கிலுள்ள பாராபேசல் செல்களை ஒத்துச் சிறியவை. உட்கரு பெருத்து, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் மெலிந்தவை. ஆகவே 30 மைக்ரோமீட்டர் விட்டமும் அதே ஆழமும் உள்ள குழிகளை வைத்தால், முதிர்ந்த பெரிய செல்கள் குழிமேல் மூடிபோலக் கிடந்து பின்னர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். சிறிய செல்கள் உள்ளே இறங்கித் தங்கும். குழியே பிடிக்கும் இடமாகவும் சலிக்கும் கருவியாகவும் அமைகிறது. பெரிய உருவமுள்ள குறைந்ததரப் பிறழ்வுச் செல்கள் இதில் தவறிப்போகும். அவற்றுள் பெரும்பகுதி தாமாகவே சரியாகிவிடுபவை என்பதால், இரண்டாம் கட்டச் சோதனையில் இந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் கணிப்பு. ஆயினும் வெளியேறும் நீரைச் சேமித்து வைக்க வேண்டும்.

அளவு மட்டுமே நோயைச் சொல்லாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 முதல் 12 மைக்ரோமீட்டர் அளவுள்ள வெள்ளணுக்களும், மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இயல்பான பாராபேசல் செல்களும் அதே குழிகளில் விழும். இவற்றைப் பிரிப்பது சாயத்தின் வேலை.

அளவால் பிரிக்கத் தூண் வரிசைகளைச் சாய்வாக அடுக்கும் பக்கப் பெயர்ச்சி முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தூண்களுக்கிடையே 30 மைக்ரோமீட்டர் இடைவெளியும் பத்தில் ஒரு பங்கு சாய்வும் வைத்தால், பெரிய செல்லும் சிறிய செல்லும் பிரியும் எல்லையான பிரிவு விட்டம் சுமார் 14 மைக்ரோமீட்டர் என்று சூத்திரம் தரும். உருண்டையான செல்களுக்கு அது பொருந்தும். தட்டையான செதிள் செல் புரண்டு ஓடும்போது அதன் தடிப்பே அளவாகிவிடும் என்பதால் கணக்கு பொய்த்துப்போகும். மாதிரியில் மிஞ்சிய சளியிழை அந்தத் தூண்களில் சிக்கினால் சில்லே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அடைப்பதற்கு ஒன்றும் இல்லாத திறந்த குழி வரிசையைத் தேர்ந்தேன்.

குழிகளின் மையங்களுக்கிடையே 60 மைக்ரோமீட்டர் விட்டால், 1 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் பரப்பில் சுமார் 55,000 குழிகள் அமையும். குழிக்குச் சராசரி 0.3 செல் என்ற அளவில் நிரப்பினால், தற்செயலாக விழுபவற்றைக் கணக்கிடும் பாய்சான் பரவலின்படி 22 சதவீதக் குழிகளில் ஒரே ஒரு செல்லும், 4 சதவீதத்துக்கும் குறைவான குழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட செல்களும் இருக்கும். அதாவது ஏறத்தாழ 12,000 தனிச்செல்கள், அதுவும் பெரிய செல்கள் கழிந்த பிறகு.

அச்சும் வார்ப்பும்

குழி வடிவத்தை ஒளியால் அச்சில் பதிக்க உதவும் முகமூடிக்குக் குரோம் தேவையில்லை. நமது மிகச் சிறிய அளவு 30 மைக்ரோமீட்டர் என்பதால், உயர் துல்லிய அச்சுப்பொறியில் எடுத்த ஒளிபுகு ஃபிலிம் போதும். ஒரே ஃபிலிமில் 25, 30, 35 மைக்ரோமீட்டர் விட்டங்களில் மூன்று வடிவங்களை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்; எது சரி என்பதை உங்கள் பகுதி மாதிரிகளே சொல்லட்டும்.

சிலிக்கன் வேஃபரில் எஸ்.யூ-8 ஒளிப்பூச்சைக் குழியின் ஆழத்துக்குச் சமமான தடிப்பில் சுழற்றிப் பூசி, 65 டிகிரியிலும் பின்னர் 95 டிகிரியிலும் சுட்டு, புற ஊதா ஒளி காட்டி, மீண்டும் அதே வரிசையில் சுட்டு மெதுவாக ஆறவிட வேண்டும். விரைந்து ஆறினால் பூச்சில் விரிசல் விழும். ஒளி படாத பூச்சைக் கரைப்பானால் கழுவிய பின் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் ஊற்றும்போது வெண்படலம் தோன்றினால் இன்னும் கழுவுதல் போதவில்லை என்று பொருள். கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், வேஃபரின் மேல் படியும் ஈரமே பூச்சு உரிவதற்கு முதன்மைக் காரணம். பூசுவதற்கு முன் 200 டிகிரி ஹாட் பிளேட்டில் சில நிமிடம் காயவைத்து, சூடு ஆறியவுடன் பூசிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று வைக்கக் கூடாது. தூய்மை அறை இல்லாதவர்கள், வெளி ஆய்வாளர்களுக்கும் வசதியைத் திறந்துவிடும் ஐ.என்.யு.பி. திட்டத்தின்கீழ் ஐ.ஐ.டி. மெட்ராஸ் அல்லது பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. போன்ற இடங்களில் அச்சை மட்டும் செய்துகொண்டு வரலாம். ஒரு நல்ல அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுக்க முடியும்.

அச்சின் மேல் ஃப்ளூரோசிலேன் ஆவி படியவிட்ட பிறகே பி.டி.எம்.எஸ். என்னும் சிலிக்கோன் ரப்பரை ஊற்ற வேண்டும், இல்லையேல் உரிக்கும்போது குழிகளை உருவாக்கும் நுண்தூண்கள் முறிந்து வார்ப்போடு வந்துவிடும். சில்கார்ட் 184 என்னும் பி.டி.எம்.எஸ். வகையின் அடிப்பாகத்தையும் கடினமாக்கியையும் 10:1 எடை விகிதத்தில் நன்றாகக் கலக்கி, வெற்றிட ஜாடியில் குமிழிகள் அடங்கும்வரை வைத்து, அச்சில் ஊற்றி 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடவும். மேல்மூடிக்கு 150 மைக்ரோமீட்டர் உயரமுள்ள அகன்ற கால்வாயைத் தனி அச்சில் வார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டர் அகலமும் இவ்வளவு குறைந்த உயரமும் உள்ள பி.டி.எம்.எஸ். கூரை தொய்ந்து தரையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தாங்குதூண்கள் வைக்க வேண்டும். கால்வாயைப் பல குறுகிய தடங்களாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஒரு தடத்தில் குமிழி நின்றால் நீர் மற்றத் தடங்கள் வழியே போய்விடும், அந்தத் தடம் கழுவப்படாமலே கிடக்கும்.

தோல் மருத்துவத்தில் பயன்படும் 1.5 மில்லிமீட்டர் பயாப்ஸி பஞ்ச்சால் நுழைவு, வெளியேறும் துளைகளைக் குத்தி, இரு பரப்புகளையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வைத்து, எடுத்தவுடன் ஒட்டி, 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றவும். பிளாஸ்மாவால் வந்த நீரொட்டும் தன்மை சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். எனவே அன்றே சில்லில் நீரை நிரப்பிவிடுவது நல்லது.

நிரப்புதலும் கழுவுதலும்

நேரடியாக நீரை விட்டால் குழிகளில் காற்று தங்கிவிடும். முதலில் 70 சதவீத எத்தனாலை விட்டு, பிறகு பி.பி.எஸ்.ஸால் அதை வெளியேற்றி, 1 சதவீத பி.எஸ்.ஏ.வை அரை மணி நேரம் வைத்துச் சுவர்களைப் பூசவும்.

செல்களை ஏற்றும்போது அவசரம் கூடாது. கால்வாயின் கொள்ளளவு சுமார் 30 மைக்ரோலிட்டர். 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பெரிய செல்கள் ஒரு லட்சம் இருந்தால் தரை முழுவதையும் பாய் விரித்ததுபோல மூடிவிடும். அதன் பிறகு ஒரு சிறிய செல்லும் குழியைக் காணாது. எனவே ஒரு சுற்றுக்கு மொத்தம் 20,000 செல்கள் என்ற அளவில் ஏற்றுங்கள். 15 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல் விநாடிக்கு ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் வேகத்தில் இறங்கும் என்பதால், 150 மைக்ரோமீட்டர் உயரத்தைக் கடக்க அரை நிமிடமே ஆகும். இரண்டு நிமிடம் காத்திருந்து, நீரை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால், குழிகளுக்கு இடையே விழுந்தவையும் உள்ளே இறங்கும். பிறகு நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர் வேகத்தில் கழுவவும். இந்த வேகத்தில் கால்வாயில் நீர் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் நகரும்; ஓட்டம் கலங்குமா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஒன்றுக்கும் கீழே இருப்பதால் சுழல் எழாது, குழிக்குள் இருப்பவை கலையாது. நுண்ணோக்கியில் பார்த்து, குழிகளில் கால்பங்கு நிரம்பும்வரை சுற்றுகளைத் தொடரவும். சிரிஞ்ச் பம்ப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பி.பி.எஸ். நிரப்பிய சிரிஞ்சை 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்டாண்டில் மாட்டினால் சுமார் 1 கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். அது மின்தடையிலும் நிற்காது. குழாயின் நீளத்தை மாற்றி வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

சாயமும் வாசிப்பும்

பி16, கே.ஐ-67, வெள்ளணுக்களைக் காட்டும் சி.டி.45, உட்கருவுக்கு டாபி என்று நான்கு நிறங்கள் வேண்டும். 30 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு ஆன்டிபாடி பரவ சில விநாடிகளே போதும். பிணைவதற்குத்தான் ஒரு மணி நேரம் வேண்டும். பி.டி.எம்.எஸ். வழியே நீராவி கசியும் என்பதால், அந்த நேரம் முழுவதும் சில்லை ஈரத் தாள் வைத்த மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் கால்வாய் வறண்டுவிடும். எல்லா ஆன்டிபாடிகளும் மெத்தனாலில் பதப்பட்ட செல்களில் வேலை செய்வதில்லை. வாங்கிய ஒவ்வொன்றையும் முதலில் சாதாரண வில்லையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

படங்களை செல்புரொஃபைலர், இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள்களில் அலசலாம். இரண்டு உட்கருக்கள் தெரியும் குழிகளையும், சி.டி.45 ஒளிரும் குழிகளையும் முதலில் நீக்கிவிட்டு, மீதியுள்ளவற்றில் பி16, கே.ஐ-67 இரண்டும் வரம்பைத் தாண்டியவற்றை மட்டும் குறித்து, அந்தப் படங்களைச் சைட்டாலஜிஸ்ட் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒருவருடைய ஒரு மணி நேரம் ஆயிரம் படங்களில் பயிற்றிய மென்பொருளைவிட இந்தக் கட்டத்தில் பயனுள்ளது.

வரம்பை நிர்ணயிக்கப் புணேயிலுள்ள என்.சி.சி.எஸ். செல் களஞ்சியத்திலிருந்து சிஹா, ஹீலா என்னும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல் வரிசைகளைப் பெறலாம். சிஹாவில் எச்.பி.வி. 16 வகையும் ஹீலாவில் 18 வகையும் உள்ளன. எச்.பி.வி. நெகட்டிவ் மாதிரியில் சிஹா செல்களை ஆயிரத்துக்கு ஒன்று, பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதங்களில் கலந்து, எத்தனை மீட்கப்படுகின்றன என்று பாருங்கள். சி33ஏ என்னும் செல் வரிசையில் எச்.பி.வி. இல்லை என்பதால் அதை நெகட்டிவ் கட்டுப்பாடாகச் சிலர் வைக்கிறார்கள், அதில் ஆர்.பி. மரபணுவே பழுதானது, ஆகவே பி16 மிகுந்திருக்கும். பி16 சோதனைக்கு அது உதவாது. செல் வரிசைகள் சளியற்றவை, உருண்டையானவை என்பதையும் மறக்கக் கூடாது. அவை சில்லில் நன்றாக ஓடினால், உண்மை மாதிரியும் ஓடும் என்று அர்த்தமல்ல.

அனுமதியும் கழிவும்

மருத்துவமனை நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தமிழில் படித்துக் காட்டிப் பெற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முதல் மாதிரிக்கு முன்பே தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்களை ஒட்டி ஒப்புதல் படிவத்தை எழுதுங்கள். சில்லு சொல்லும் முடிவை அந்தப் பெண்ணுக்கு நோயறிக்கையாகத் தரக் கூடாது. அவருடைய சிகிச்சை, வழக்கமான சோதனைகளும் கால்போஸ்கோபியும் பயாப்ஸியும் சொல்வதன்படியே நடக்கட்டும். சில்லின் முடிவை அந்தப் பயாப்ஸியோடு ஒப்பிட்டுத்தான் அதன் மதிப்பை அறிய முடியும். பயாப்ஸியைப் படிப்பவருக்குச் சில்லின் விடை தெரிந்திருக்கக் கூடாது. விற்பனைக்கோ நோயறிதலுக்கோ கொண்டுசெல்ல விரும்பினால், 2017 மருத்துவக் கருவி விதிகளின்கீழ் உரிமம் பெற வேண்டும்.

பயன்படுத்திய குழாய், சிரிஞ்ச் ஆகிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையிலும், கண்ணாடி வில்லைகள் நீலப் பெட்டியிலும், ஊசிகள் வெள்ளைக் கலனிலும் போக வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு விதி. வெளியேறிய நீரை ஹைப்போகுளோரைட்டில் கலந்து வைத்த பிறகே வடிகாலில் விடலாம். ஆனால் தனிச்செல்லிலிருந்து டி.என்.ஏ. எடுக்கக் குவானிடின் உப்புக் கரைசலைப் பயன்படுத்தியிருந்தால், அதன்மேல் ஹைப்போகுளோரைட்டை ஊற்றவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். அந்தக் கரைசலுக்குத் தனிக் குப்பி வைத்து, மூடியின் மேலேயே பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.